கடைசியில் நிற்பவனுக்கும் தெரிய வேண்டும்

எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் யாரும் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கியதில்லை. கூடைக்காரி வந்து கூடையை இறக்கியதும் நாங்கள் நாலைந்து பெண்களும் பயாஸ்கோப்பம்மாவின் முகத்தைத்தான் பார்ப்போம். அந்தம்மா தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தபடியே கூடைக்குள் ஒரு பார்வை விடுவார். மூக்கு லேசாக விடைக்கும். கீழுதட்டின் ஓரம் ஒரு பக்கமாக இறங்கும். அவ்வளவுதான், கூடைக்காரி தலையில் அடித்துக்கொண்டு கூடையைத் தூக்கிவிடுவாள்.

"நேத்து மீனுன்னு வாயால சொன்னாகூட சண்ட போட்டுக்கலாம். இந்தம்மா மூஞ்சியால இல்ல சொல்லுது! இந்தத் தெருவுல எவ யாவாரம் பண்ணுவா?" என்று புலம்பிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போவாள்.

இப்போது எனக்கு எழுபது வயதாகப் போகிறது. அந்த முகத்தை நினைக்காமல் நான் மீன் வாங்கியதில்லை, சாம்பார் வைத்ததில்லை, ஒரு கல்யாண வீட்டில் கால் வைத்ததில்லை. பாசத்தினால் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அருவருப்பு. அந்தம்மாவைச் சுற்றியிருந்த ஜனங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. அதிலும் ஒருத்தன் இன்னும் உயிரோடு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மேடை கண்ட இடமெல்லாம் ஏறிக்கொண்டிருக்கிறான். அவனைச் சொல்லாமல் அந்தம்மாவைச் சொல்ல முடியாது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி நான் மர்பி டவுனுக்கு வந்தபோது எங்கள் பக்கத்து வீடு அந்தம்மாவுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன சந்து. அந்தம்மாவுக்கு அழகான ஒரு பேர் உண்டு. தெருவில் எல்லோருக்கும் அது தெரியும், ஆனால் ஒருத்தரும் வாயால் சொல்லமாட்டார்கள். பயாஸ்கோப்பம்மா, பயாஸ்கோப்புக்காரி, அவ்வளவுதான். நானும் அந்தப் பேரை இங்கே எழுதப்போவதில்லை. போன மாதம் அதைப் பேனரில் போட்டு நாறடித்துவிட்டார்கள்.

பேசும் படம் வருவதற்கு முன்னால், இதே ஊரில் எடுத்த ஊமைப் படங்களில் அந்தம்மா கதாநாயகி. அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான் அந்த வீடு. அந்த வீட்டில் அவருடைய தம்பி, தம்பி பெண்சாதி, அவர்கள் மகன் சேகர் என்று மூன்று பேர் முன்னறையிலும் நடுவறையிலும் இருந்தார்கள். வீட்டை வாங்கியவருக்குக் கிடைத்த இடம் சமையலறைக்குப் பின்னால் விறகு போடுகிற சாய்ப்பு. ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு கண்ணாடி, கட்டிலுக்கு அடியில் வட்டமான ஒரு தகர டப்பா. வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் போய், "என்னாங்க இது அக்கிரமம்?" என்றேன். "சும்னே இரு. புதுசா வந்தவ, ஊரு நாயம் உனக்கெதுக்கு?" என்றார் அவர். ஆம்பிளைகளுக்கு எப்போதும் இந்தப் பதில் கைவசம் இருக்கிறது.

முதல் வாரமே நான் அந்த முகத்திடம் மாட்டினேன். புது மருமகள் வைத்த சாம்பார் என்று ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண் மெல்லச் சுருங்கியது. முகம் முழுக்கப் புளித்துப்போனது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை, ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் அம்மாவிடம் அடிவாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு அவமானம் வந்ததில்லை. அடுத்த நிமிடம் என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு எங்கள் சமையலறைக்கே வந்துவிட்டார். புளியைக் கரைத்து ஊற்றிய கையோடு பருப்பைப் போட்டிருக்கிறாய் என்று சைகையால் காட்டினார். நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

"அதுக்கு ஏம்மா இப்படி மூஞ்சிய வச்சிங்க? நல்லால்லன்னு சொன்னா போதாதா?" என்று கேட்டேன்.

"அத்தன வருசம் கூலிக்குப் பொய் மூஞ்சி காட்டிட்டு வந்தேன்டி கஸ்தூரி. ஊட்டாண்ட வந்தும் காட்டணுமா?" என்றார்.

அதுதான் அந்தம்மா. வீட்டில், தெருவில், கடையில் அந்த முகம் ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. மனசில் என்ன இருக்கிறதோ அது சத்தமே இல்லாமல் முகத்தில் வந்து நிற்கும். அதற்காக அந்த முகம் சொன்னதெல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பார்த்து, அழுகின பூசணிக்காயைப் பார்த்த மாதிரி முகம் வைத்தார். என் மாமியார் பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட இருந்தார். அப்புறம் விசாரித்தால், அந்த ஆள் தலையில் தடவியிருந்த எண்ணெயின் வாசனை அந்தம்மாவுக்குப் பிடிக்கவில்லையாம்! அந்த மாப்பிள்ளை தங்கமான மனுஷன். இன்றைக்கும் என் நாத்தனாரைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். எண்ணெயை மட்டும் மாற்றவில்லை.

படம் எடுத்த கதையை அந்தம்மா உட்கார்ந்து வரிசையாகச் சொன்னதில்லை. கீரை ஆயும்போது ஒரு துண்டு, தலை வாரும்போது ஒரு துண்டு. அப்போது விளக்கு வெளிச்சம் கிடையாதாம். உச்சி வெயிலில், ஈயத்தாள் ஒட்டிய பலகைகளைப் பிடித்து வெயிலை முகத்தில் அடிப்பார்களாம். கண்ணில் தண்ணீர் கொட்டும், கொட்டக் கூடாது. படம் பிடிக்கிற நேரத்திலேயே டைரக்டர் பக்கத்தில் நின்று கத்துவாராம். அழு, இன்னும் அழு, போதும், இப்போது அவனைப் பார், வெட்கப்படு! சத்தம் படத்தில் வராது என்பதால் என்ன வேண்டுமானாலும் கத்தலாம். கெட்ட வார்த்தையும் கத்துவாராம்.

"அந்த ராஜபார்ட்டுக்காரன் இருக்கானே, ஈறு அழுகினவன். மூஞ்சியாண்ட மூஞ்சி வச்சிக்கினு நிப்பான். பச்ச வெங்காயமும் சாராயமும் குப்புனு அடிக்கும். நான் ரோசாப்பூவ மோந்த மாதிரி நிக்கணும்" என்று சொல்லும்போதே அந்தம்மாவுக்கு உடம்பு சிலிர்க்கும். கேட்கிற எனக்கும் கையிலிருந்த கீரை கசந்துபோகும்.

"எப்படிம்மா நின்னீங்க?"

"பெருசா ஒண்ணும் பண்ணக் கூடாதுடி. எல்லாத்தையும் மெதுவா பண்ணணும். மெதுவா பண்ணாத்தான் டென்ட்டு கொட்டாயில கடைசியில நிக்கிறவனுக்கும் தெரியும்."

அதைவிட அவருக்கு வெறுப்பு ஒரு ஆள் மேல். ஊமைப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் குச்சி வைத்துக்கொண்டு ஒருவன் நின்று கதை சொல்வானாம். தமிழ் கொஞ்சம், கன்னடம் கொஞ்சம், உருது கொஞ்சம், அன்றைக்கு எந்த ஜனம் அதிகமோ அதற்குத் தகுந்த மாதிரி. திரையில் இருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அவன்தான் சொல்வான். அந்தம்மா ஒரு தடவை முக்காடு போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகத் தன் படத்தைப் பார்க்கப் போனாராம். ஒரு காட்சியில் தன்னைக் கையைப் பிடித்து இழுக்கிறவனை இவர் பார்வையாலேயே பொசுக்குகிறார். கதை சொல்கிறவன் விசிலுக்கு ஆசைப்பட்டு, "இப்போ வேணாம் மாமா, ராத்திரிக்கு வாங்க" என்று குரலை இழுத்திருக்கிறான். டென்ட்டே சிரித்து உருண்டிருக்கிறது.

"என் மூஞ்சி 'போடா நாயே'ங்குது. அந்தப் பேமானி என் வாயில வேற வார்த்தைய வச்சிட்டான். எழுந்து நின்னு கத்தலாம்னா, நானு திரையிலயும் ஊமை, தரையிலயும் ஊமை" என்றார். சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார். வெற்றிலையை அவர் சாதாரணமாக அவ்வளவு சீக்கிரம் துப்பமாட்டார்.

பேசும் படம் வந்ததும் குரல் பார்க்கக் கூப்பிட்டார்கள். அந்தம்மாவுக்கு ஆம்பிளைக் குரல், கரகரவென்று இருக்கும். பாடச் சொன்னார்களாம். "வாயத் தொறந்தேன், வேல போச்சு" என்று அதை ஒரே வரியில் முடித்துவிடுவார். அப்புறம் கண்டோன்மென்ட் பங்களாக்களில் பிள்ளை பார்க்கிற ஆயா வேலை. அந்தச் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைத்து, கல்யாணம் பண்ணிவைத்து, அவன் பிள்ளைக்கும் பீ மூத்திரம் அள்ளி வளர்த்தார். அந்தப் பிள்ளைதான் சேகர்.

கட்டிலுக்கு அடியில் இருந்த தகர டப்பாவில் ஒரே ஒரு சுருள் படம். நடித்த அத்தனை படங்களில் மிச்சம் அதுதான். மாதத்துக்கு ஒரு தடவை திறந்து, துணியால் துடைத்து, காற்றாட வைப்பார். அதிலிருந்து ஒரு புளித்த நெடி வரும். தம்பி பெண்சாதி உடனே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எலி செத்த நாத்தம்! மானத்தோட சேத்து மூக்கையும் வாங்குது" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். அந்த வீட்டில் நின்றுகொண்டு!

எனக்கு ஒரு நாள் அந்தச் சுருளின் நுனியை ஜன்னல் வெயிலில் பிடித்துக் காட்டினார். விரல் நகம் அளவில் வரிசையாக அந்தம்மா. ஏதோ ராஜா கதை. சபை நடுவில் புருஷன், "இவளை எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுகிறான். இவள் அவனைப் பார்க்கிறாள். அழவில்லை, கெஞ்சவில்லை. மூக்கு லேசாக விடைக்கிறது, உதட்டோரம் இறங்குகிறது, தாடை நிமிர்கிறது. கண் அவன் தலையில் ஆரம்பித்து மெதுவாகப் பாதம்வரைக்கும் இறங்கி அங்கேயே நிற்கிறது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்தார்களாம்.

"இத மட்டும் செவுத்துல பெருசா ஒருக்கா பாத்துட்டேன்னா போதும்டி. பக்கத்துல எவனும் நின்னு பேசாம பாக்கணும்" என்றார். அந்தம்மா தனக்கென்று வாயால் சொல்லி நான் கேட்ட ஒரே ஆசை அதுதான்.

தம்பி திடீரென்று மாரடைப்பில் போனபோது நான் அந்தக் குடும்பத்தின் லட்சணத்தைப் பார்த்தேன். பெண்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அந்த மனுஷனுக்குச் சூடாக ஒரு வாய் சோறு போடாத பெண்சாதி, மண்ணில் புரண்டு மார்பில் அடித்துக்கொள்கிறாள், நடுவில் நிறுத்திவிட்டு, "காபித் தண்ணி வந்துச்சா பாரு" என்று கேட்கிறாள், மறுபடி புரள்கிறாள். அந்தம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். சத்தமே இல்லை. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்துகொண்டிருந்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாசலில் ரெண்டு கிழவிகள் பேசிக்கொள்கிறார்கள்: "கூடப் பொறந்தவ, வாயத் தொறந்து ஒரு சத்தம் இல்ல பாரு. பயாஸ்கோப்புக்காரிதானே, நடிக்கிறா." அடப் பாவிகளா! அந்த வீட்டில் அன்றைக்கு நடிக்காத ஒரே ஆள் அந்தம்மாதான்.

தம்பி போன பிறகு சேகர் கை ஓங்கியது. தொழிற்சாலையில் வேலை, யூனியனில் பேச்சாளர். வாயைத் திறந்தால் தமிழ் கொட்டும். அவனுக்குக் கோலார் பக்கம் ஒரு நல்ல இடத்தில் பெண் பேசினார்கள். பெண் வீட்டார் கட்டுப்பெட்டி. பயாஸ்கோப்பில் ஆடின பொம்பளை இருக்கிற குடும்பம் என்று தெரிந்தால் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று தாயும் மகனும் ராத்திரி பகலாகக் குசுகுசுத்தார்கள். பெண் வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று நான் காபி தர உதவிக்குப் போயிருந்தேன். அந்தம்மா தலை வாரி, பூ வைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு பின்னாலிருந்து வந்து நின்றார். வளர்த்த பிள்ளைக்கு நடக்கிற விசேஷம் இல்லையா?

பெண்ணின் அப்பா, "இவங்க?" என்று கேட்டார்.

சேகர் பாவி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "சமையலுக்கு வந்தவங்க" என்றான்.

அந்தம்மா அவனைப் பார்த்தார். ஜன்னல் வெயிலில் நகம் அளவில் பார்த்த அதே பார்வை, இப்போது ஆளளவில். மூக்கு, உதடு, தாடை. கண் தலையிலிருந்து பாதத்துக்கு. பிறகு திரும்பி உள்ளே போய், சாய்ப்பில் பூவை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். என் கையிலிருந்த காபித் தட்டை அவன் தலையில் கவிழ்த்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

கல்யாணம் முடிந்த வருஷம், ஜிப்பா போட்ட ஒரு மனுஷர் தெருவில் விசாரித்துக்கொண்டு வந்தார். அழிந்துபோகிற பழைய படங்களைத் தேடிச் சேர்க்கிறவர். அந்தம்மாவின் பேரைச் சொல்லி, அம்மா என்று சேர்த்துச் சொல்லி, வாசலில் நின்று கேட்டார். அந்தப் பேரை மரியாதையோடு ஒருத்தர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தம்மா டப்பாவைத் திறந்து காட்டினார். அந்த மனுஷர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "அம்மா, இத யாரும் தொடாம பாத்துக்கோங்க, இது சட்டுனு தீப்பிடிக்கிற சாமான். தீபாவளி முடிஞ்ச வாரம் மிஷினோட வரேன். மொதல்ல உங்களுக்குப் போட்டுக் காட்டிட்டுத்தான் எடுத்துட்டுப் போவேன்" என்றார். பத்திரிகையில் எழுதுவேன் என்றும் சொன்னார். கதவுக்குப் பின்னால் சேகர் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தம்மாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. சந்துப் பக்கமிருந்த எங்கள் வீட்டுச் சுவர் பாசி பிடித்து, எச்சில் கறையோடு கிடந்தது. "கஸ்தூரி, உன் செவுத்த எனக்கு ஒரு ராத்திரி குடுடி" என்றார். சுண்ணாம்பு வாங்கிவந்து, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, நானும் அந்தம்மாவும் சேர்ந்து அடித்தோம். ரெண்டு தடவை அடித்தும் திருப்தியில்லை, மூன்றாம் தடவையும் அடிக்கவைத்தார். தெருவில் போகிறவர்கள், "தீபாவளிக்கு சந்துக்கெல்லாம் வெள்ளையா?" என்று கேலி பண்ணிக்கொண்டு போனார்கள். அந்தம்மா முகத்தில் வயசே இல்லை.

தீபாவளி அன்று சாயங்காலம் ஊதாங்குழல் மாதிரி ஒரு சீற்றமும் மஞ்சள் வெளிச்சமும் சந்தில் கிளம்பியது. புஸ்வாணம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சேகரும் அவன் மச்சான்மார் ரெண்டு பேரும் நின்றிருந்தார்கள். நடுவில் வட்டத் தகர டப்பா. சுருளைக் கத்தரித்துக் கத்தரித்து நெருப்பில் போடுகிறான். ஒவ்வொரு துண்டும் புஸ்ஸென்று சீறி எரிகிறது. மச்சான்கள் கை தட்டுகிறார்கள். பட்டாசு நனைந்துபோச்சாம், அதற்குப் பதிலாம். "பாத்தியா மாமூ, சும்மா கெடந்த குப்ப, என்னா வெளிச்சம்!" என்று சிரிக்கிறான். அவன் கண் மட்டும் சிரிக்கவில்லை. குடித்தவன் புத்தி இல்லை அது, நிதானமாக யோசித்துச் செய்தவனின் புத்தி.

அந்தம்மா கடைவீதிக்கு எண்ணெய் வாங்கப் போயிருந்தார். சந்து முனையில் வந்து நின்றபோது கடைசித் துண்டு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் வெள்ளையடித்த சுவரில் விழுந்து ஆடியது. எண்ணெய்ப் பாத்திரம் கையில் அப்படியே இருந்தது. கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நான் பார்த்தேன். அவர் சேகரைப் பார்த்தார். அவ்வளவு மெதுவாக. தலையிலிருந்து பாதம்வரை. மச்சான்களில் ஒருவன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் செருப்பைத் தேடினான். அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

நான்தான் கத்தினேன். "தூ, நீயெல்லாம் ஒரு மனுசனா? உன்ன வளத்த கைடா அது! நாயிகூட சோறு போட்ட எலைய கடிக்காதுடா!" என்று தெருவே கூடுகிற மாதிரி கத்தினேன். என் வீட்டுக்காரர் என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சொன்ன வாக்கு மாறாமல் ஜிப்பாக்காரர் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மழத் தண்ணி பூந்துருச்சு சார், ஒண்ணும் மிச்சமில்ல" என்று சேகர் வாசலிலேயே சொன்னான். நான் சந்துக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்த மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். சொல்லி என்ன? சாம்பலை யார் ஓட்டிக் காட்டுவது? அவர் போன பிறகு அந்தம்மா சந்தில் ஒரு முக்காலியைப் போட்டு, அந்த வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் சில வருஷங்கள் இருந்தார். சேகர் உள்ளே வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அவர் போனபோது நான்தான் குளிப்பாட்டினேன். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். வெளியே சேகரின் பெண்சாதி, சமையலுக்கு வந்தவளுக்காக, தெரு அதிர ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஒரு பெண் என் வீட்டைத் தேடி வந்தாள். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. அவளும் சிநேகிதர்களும் லீவு நாளில் பழைய சினிமாக்காரர்களைத் தேடி அலைகிறார்கள். அந்தம்மாவின் போட்டோ ஒன்று எங்கேயோ கிடைத்திருக்கிறது. அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு மண்டபத்தில் படத்திறப்பு விழாவாம்.

"சேகர் சார்தான் எல்லா ஹெல்ப்பும் பண்றாரு, ஆன்ட்டி. பக்கத்து வீட்டுல இருந்தவங்கன்னு உங்கள கூப்பிடலாம்னு சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் சரியில்லன்னு சொன்னாரு. நான்தான் நேர்ல பாத்துட்டு வரேன்னு வந்தேன்."

"ஞாபகமா? நல்லாவே இருக்கும்மா. என்னை மேடையில பேசச் சொல்லு, அங்க வந்து சொல்றேன்" என்றேன். அந்தப் பெண் சந்தோஷமாகப் போனாள். விழா நாள்வரைக்கும் நான் மனசுக்குள் அவனைத் திட்டித் திட்டிப் பேச்சைத் தயார் பண்ணினேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. சேகருக்கு முடியெல்லாம் வெள்ளை, சட்டையும் வெள்ளை, கழுத்தில் சால்வை. மைக்கைப் பிடித்தான். "அத்தையை நாங்கள் தெய்வமாக வைத்திருந்தோம். முன்னறையில் சிம்மாசனம் போல நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். காலம் செய்த கோலம், மழை வெள்ளத்தில் அந்தப் பொக்கிஷச் சுருள் போய்விட்டது. அன்றைக்கு அத்தை என் கண்ணீரைத் துடைத்து, 'போனா போவுது கண்ணு, நீதான்டா என் படம்' என்று சொன்னார்கள்" என்றான். சொல்லும்போது குரல் உடைந்தது. ஜனம் உச்சுக் கொட்டியது. திரைக்குப் பக்கத்தில் குச்சியோடு நின்றவன் செத்துப்போய்விட்டான் என்று நினைத்திருந்தேன். இதோ நிற்கிறான், அந்தம்மா வாயில் வார்த்தையை வைத்துக்கொண்டு.

அந்தப் பெண் என்னைக் கைபிடித்து மேடையேற்றி மைக்கைக் கொடுத்தாள். தயார் பண்ணிய பேச்சு முழுக்க நாக்கு நுனியில் இருந்தது. சேகர் மேடை ஓரத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றான். ஆனால் அவனுடைய இளிப்பில் பயமே இல்லை. கிழவி என்ன சொன்னாலும், ஞாபகம் பிசகு என்று ஒரே வார்த்தையில் துடைத்துவிடுவான். வாழ்நாளெல்லாம் மைக்கில் பிழைத்தவன். வார்த்தைக்கு அவனிடம் எப்போதும் வார்த்தை இருக்கும்.

அவனுக்குப் பின்னால் மாலை போட்ட போட்டோவில் அந்தம்மா. நான் மைக்கைக் கீழே இறக்கினேன். அவனைப் பார்த்தேன். நான் நடிகை இல்லை, எனக்கு நடிக்கத் தெரியாது. ஆனால் சந்தில் எரிந்த அந்த மஞ்சள் வெளிச்சம் எனக்குள் அப்படியே இருந்தது. மூக்கு தானாக விடைத்தது. உதட்டோரம் தானாக இறங்கியது. தாடை நிமிர்ந்தது. அவசரப்படாமல், அவனுடைய வெள்ளைத் தலையிலிருந்து கண்ணை மெதுவாகக் கீழே இறக்கினேன்.

சேகரின் இளிப்பு பாதியில் நின்றது. அவனுக்கு அந்தப் பார்வை தெரியும், இது மூன்றாம் தடவை. சட்டென்று தன் மைக்கை வாயில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்குத் துக்கம் தொண்டையை அடைக்கிறது... அத்தையின் நினைவில் பேச்சே வரவில்லை" என்றான். பாவம் என்று முன்வரிசையில் ரெண்டு பேர் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

கடைசியில், கதவை ஒட்டி, டீக்காரர் கேனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு என்னையும் தெரியாது, சேகரையும் தெரியாது, ஊமைப் படமும் தெரியாது. அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"துக்கமில்ல சார் அது. அந்தம்மா உங்க மூஞ்சியில காறித் துப்புது. என்னா பண்ணீங்க அவங்கள?"

கைதட்டல் நின்றது. அத்தனை தலையும் சேகர் பக்கம் திரும்பியது. வைட்ஃபீல்டு பெண்ணும் திரும்பி அவனையே பார்த்தாள். அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நான் கண்ணை அவன் செருப்புவரைக்கும் இறக்கி, அங்கே நிறுத்தி, அப்புறம் மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன்.